டீமேக்கர் லெட்சுமணனின் எட்டுப் போத்தல்கள்

லெட்சுமணன் சாப்பிடும்போதுகூட முழுதாக உட்காரமாட்டார். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவராக எழுந்து போய் ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்ப்பார். திரும்பி வந்து இரண்டு வாய் வைப்பார். பிறகு ரேடியோவைத் திருகப் போவார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி நாகலெட்சுமி, தன் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அழுதாள். முப்பது வருடம் கழித்து இப்போது, அவர் ஒரேயடியாக உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அவளுக்குப் பயம் வருகிறது.

இப்படிப்பட்டவருக்குத் தொழில் மட்டும் கச்சிதமாக அமைந்துவிட்டது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, மழை விட்டால் செய்தி என்று சொல்லத்தக்க ஒரு தோட்டத்தின் பெக்டரியில் அவர் பதினேழு வருடமாக டீமேக்கர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூளாகிச் சாக்கில் ஏறும்வரை அவர் பொறுப்பு. கொழுந்தும் அவரைப் போலத்தான், ஒரு நிலையில் நிற்காது. வாடும், சுருளும், புளிக்கும், நிறம் மாறும். கால் மணி நேரம் பராக்குப் பார்த்தால் கையை விட்டுப் போய்விடும். மணிக்கொரு தரம் அள்ளி, பிசைந்து, மூக்கருகே கொண்டுபோகாதவன் டீமேக்கரே இல்லை என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்ட மனிதர் தமக்கென்று தேடிக்கொண்ட பொழுதுபோக்கு, தொடவே கூடாத ஒன்று.

அது 2009இல் ஆரம்பித்தது. அப்போதிருந்த தொரை மெல்பேர்னில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்வதற்கு மூட்டை கட்டியபோது, புகை பிடிக்கும் சுங்கான் ஒன்றையும் இரண்டு டின் புகையிலையையும் லெட்சுமணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று புதியது. மற்றது பதினைந்து வருடமாக அவருடைய அலுமாரிக்குள் மூடியபடி கிடந்தது. இரண்டும் ஒரே சரக்கு. புதியதை முதலில் பிடி, பிறகு பழையதைப் பிடி, வித்தியாசத்தை நீயே சொல் என்றார். புதியது நாக்கைக் கடித்தது. பழையது, திராட்சை வற்றலை மென்றபடி யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

லெட்சுமணனுக்கு அன்று தூக்கம் வரவில்லை. இலை என்றால் நாளாக நாளாகச் சாகும் என்றுதான் அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துத் தேயிலைத் தூளை ரோஜாச் செடிக்குப் போடலாம், மனிதனுக்குக் கொடுக்க முடியாது. இங்கே என்னவென்றால் ஓர் இலை, யாரும் எட்டிப் பார்க்காத இருட்டில், தானாகத் தேறிவருகிறது. அவருடைய தொழிலுக்கே இது அவமானம். ஆகவே, தாமும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தார்.

வலப்பனைச் சரிவில் புகையிலை போடும் ஒருவரிடமிருந்து சூட்டறையில் பதப்படுத்திய மஞ்சள் இலை வாங்கினார். ஹட்டன் கடைவீதியில் யாழ்ப்பாணத்துக் காரப் புகையிலை வாங்கினார். கினிகத்தேனையில் ஒரு வீட்டில் சொல்லிவைத்து கித்துள் பனையின் இனிப்புப் பாணி எடுத்தார். 2013ஆம் ஆண்டு, ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் வைத்த எட்டுக் கண்ணாடிப் போத்தல்களை நிரப்பினார். மூன்றில் மஞ்சள் இலை மட்டும். மூன்றில் மஞ்சளும் யாழ்ப்பாணமும். மீதி இரண்டில் பாணி தெளித்துப் பிசைந்த இலை. ஏழு போத்தல்களின் வாயைச் சுற்றி மெழுகு ஊற்றினார். எட்டாவதற்கு ஊற்றவில்லை.

அந்த எட்டாவது, அவர் தம்முடைய குணத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம். மூடிவைத்த ஒன்றை வருடக்கணக்கில் பார்க்காமல் இருக்கத் தம்மால் ஆகாது என்று அவருக்குத் தெரியும். எனவே பாணி போட்ட இரண்டில் ஒன்றைப் பரீட்சைப் போத்தலாக வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மட்டும் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கி மோந்துவிட்டு மூடுவார். ஒன்றைக் கெடுத்து ஏழைக் காப்பாற்றும் திட்டம். இதை அவர் மிகப் பெரிய சாமர்த்தியமாக நினைத்திருந்தார்.

எங்கே வைப்பது என்பதுதான் சிக்கலாக இருந்தது. அவர் குவாட்டர்ஸில் ஜூன் மாதம் செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் முகமே பூத்துப் போயிருந்தது. தோட்டம் முழுவதிலும் வருடம் பூராவும் காய்ந்து கிடக்கும் இடம் ஒன்றுதான்: பெக்டரி. அதிலும், சலித்த தூளைக் கொட்டிவைக்கும் அறைக்கு மேலே ஒரு மரப்பரண் உண்டு. பக்கத்துச் சுவர் டிரையர் அறையுடையது, எப்போதும் இளஞ்சூடு. புகையிலைக்குக் குளிர்ந்த இடம்தான் நல்லது என்று தொரை சொல்லியிருந்தார். ஆனால் ஈரம் என்றால் எதிரி என்று தொழிலில் பழகிய மூளை அதைக் காதில் வாங்கவில்லை. பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் எட்டையும் அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடினார்.

தேயிலைத் தூளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் உடனே அந்தப் பெட்டியைக் கீழே இறக்கச் சொல்வார்கள். தூள் போல வாடையைக் குடிக்கும் பண்டம் வேறு இல்லை. சவர்க்காரம், பெட்ரோல், வெங்காயம், எது பக்கத்தில் இருந்தாலும் வாங்கிக்கொண்டு கொழும்பு ஏலத்தில் போய்க் கக்கிவிடும். இது லெட்சுமணனுக்குத் தெரியாததல்ல. அவரைவிடக் கண்டிப்பாக இதைக் கடைப்பிடித்தவர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. சலிப்பறைக்குள் நுழையும் பெண்களைக் கதவிலேயே நிறுத்தி, தலைப்பக்கம் மூக்கை நீட்டி மோந்துதான் விடுவார். மல்லிகைப்பூ வைத்தவளுக்கு அன்று வெளி வேலை, புல்லுவெட்டு. பவுடர் போட்டவளுக்கும் அதேதான். திருவிழாவுக்கு மறுநாள் விபூதி வாசத்தோடு வந்த ஓர் ஆளைத் திருப்பி அனுப்பியதில் கோயில் கமிட்டியே அவரோடு பேசுவதை நிறுத்தியது. ஆனால் தம் போத்தல்கள் மூடியவை, மெழுகு பூசியவை, தாம் கட்டியவை. மற்றவர்களுக்குத்தான் சட்டம் தேவை. அவருக்கு நம்பிக்கை போதுமானதாக இருந்தது.

2019இல் நெஞ்சுச் சளிக்குக் காட்டப் போன இடத்தில் டொக்டர் சுங்கானை நிறுத்தச் சொன்னார். லெட்சுமணன் அன்றோடு நிறுத்திவிட்டார், ஒரு இழுப்புக்கூட இல்லை. போத்தல்களை மட்டும் விடவில்லை. நாகலெட்சுமி காரணம் கேட்டாள். குடிக்கிறதுக்கில்லை, என்ன ஆகுதுன்னு பாக்கிறதுக்கு என்றார். ஓய்வு பெறும் நாளில் ஏழையும் திறப்பது என்று நாள் குறித்திருந்தார். இப்போது அதற்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

பரீட்சைப் போத்தலின் வாசம் இரண்டு மூன்று வருடமாக மெலிந்துகொண்டே வந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் ரப்பர் வளையம் வெப்பத்தில் விறைத்து வெடித்தபோது சைக்கிள் டியூப்பை வெட்டி ஒரு வளையம் போட்டார். வாசம் அப்படியும் திரும்பவில்லை. பாணி போட்ட புகையிலை நாள்பட்டால் நிற்காது என்று அவர் முடிவுக்கு வந்தார். ஆராய்ச்சியில் ஒரு பலன் கிடைத்த திருப்தி அவருக்கு.

இந்த வருடம் ஜூன் மாதம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஏலத்துக்கு அனுப்பிய தூளைச் சுவைத்துப் பார்ப்பவர்கள், அடுத்தடுத்து மூன்று அனுப்புதல்களில் வேற்று வாடை இருப்பதாக எழுதியிருந்தார்கள். இனிப்பான வாடை, என்னவென்று பிடிபடவில்லை, தைலமாக இருக்கலாம்.

லெட்சுமணன் 'இனிப்பான' என்ற சொல்லோடு நின்றுவிட்டார். தோட்டத்தின் இப்போதைய தொரை தெஹிகம 'தைலம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

தைலம் என்றதும் கீழ் டீமேக்கர் விஜிதரனுக்கு ஆள் ஞாபகம் வந்துவிட்டது. சலிப்பறையில் இருபது வருடமாக இருக்கும் காளியாயிக்கு முழங்கால் வலி. காலில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்ததை அவன் ஒருமுறை கண்டிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். வியாழக்கிழமை காலை பெக்டரி வாசலில் பெயர் கூப்பிடும் பெரட்டில், முப்பது பேர் முன்னால் தெஹிகம தொரை அவளை வெளியே நிற்கச் சொன்னார். மூன்று அனுப்புதலைப் பாழாக்கியவள் என்றார். திங்கள் முதல் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகவேண்டும் என்றார். ஐம்பத்திரண்டு வயது முழங்காலுக்கு அந்தச் சரிவும் ஜூன் மாத மழையும் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். காளியாயி தொரையைப் பார்க்கவில்லை. லெட்சுமணனைப் பார்த்தாள். தினமும் தன்னை மோந்து உள்ளே அனுப்பியவர் அவர்தானே, ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள்.

அவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

வெள்ளியும் சனியும் அவர் நடந்த நடையை அளந்தால் ஹட்டன் வந்திருக்கும். டிரையருக்கும் தூள் அறைக்கும் நடந்தார். தூளை அள்ளி மோந்தார். ஒன்றும் தெரியவில்லை. பதினோரு வருடம் பழகிய வாசத்தை மூக்கு வாசமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கட்டிலில் படுத்தார், எழுந்தார், கொக்கியைப் பார்த்தார். கடைசியில் நாகலெட்சுமிதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நம்ம போத்தலா இருக்குமோ?"

"மெழுகு வச்சு அடைச்சிருக்கு. எப்படி வரும்?"

"அப்படின்னா நிம்மதியா ஒக்காருங்க."

அவர் உட்காரவில்லை.

ஞாயிறு மத்தியானம். கொழுந்து இல்லாத நாள், பெக்டரி ஓய்ந்திருந்தது. லெட்சுமணன் பரணுக்கு ஏணி போட்டார். மேலே போய்ச் சாக்கை விலக்கிய பிறகுதான் விஷயம் எவ்வளவு நேராக இருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. பாணி போட்டவை இரண்டு. ஒரே நாளில், ஒரே குவியலிலிருந்து நிரப்பியவை. ஒன்று அடைத்தது, ஒன்று வாராவாரம் திறந்தது. அடைத்ததைத் திறந்து பார்க்கும்போது அதிலும் வாசம் மெலிந்திருந்தால், பாணியின் குணமே அப்படி, அவர் குற்றமில்லை. அதில் வாசம் முழுதாக இருந்தால், பரீட்சைப் போத்தலிலிருந்து போன வாசம் எங்கே போயிற்று என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பரணின் பலகை இடுக்கு வழியாகக் கீழே தூள் குவியல் தெரிந்தது.

அந்த ஒரு போத்தலைத் திறந்தால் போதும். ஆனால் அதற்குத்தான் கை போகவில்லை. மஞ்சள் இலைப் போத்தல் ஒன்றை எடுத்து மெழுகைச் சுரண்டினார். மூடியை நெம்பியபோது உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. இலை கறுத்திருந்தது, சில இடங்களில் சர்க்கரை பூத்ததுபோல் மினுங்கியது. வைக்கோல் வாடை போய், காய்ந்த அத்திப்பழமும் புது ரொட்டியும் கலந்த மாதிரி ஒன்று எழுந்தது. அவர் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். யாழ்ப்பாணம் கலந்ததைத் திறந்தார். அந்தக் காரம், கோபம் தணிந்த பெரிய மனிதரைப் போல அடங்கி இருந்தது. பழைய தொரை சொன்னது சத்தியம். தொடாமல் விட்டதெல்லாம் தேறியிருந்தது. அடுத்ததையும் திறந்தார், அதற்கடுத்ததையும். பதினான்கு மாதம் பொறுக்கவேண்டியதை அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தார். ஆறு திறந்தாயிற்று. இனித் தள்ளிப்போட ஒன்றும் மிச்சமில்லை.

ஏழாவதைத் திறந்தார்.

பேரீச்சம்பழப் பாகு காய்ச்சும் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. பாணி ஒரு துளிகூட எங்கும் போயிருக்கவில்லை. பரீட்சைப் போத்தலைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதில் இருந்தது வெறும் சருகு.

எட்டுப் போத்தலையும் சாக்கில் கட்டிக்கொண்டு இறங்கி, நேராகத் தொரையின் பங்களாவுக்குப் போனார். வராந்தாவில் வைத்து, சிங்களத்தில், ஒன்று விடாமல் சொன்னார். தெஹிகம தொரை கெட்ட மனிதரல்ல. மேலிடத்துக்குப் பயந்த மனிதர். ஏழாவது போத்தலை மோந்து பார்த்து, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று பாராட்டினார். பிறகு, காளியாயியைப் பற்றிய அறிக்கை வெள்ளிக்கிழமையே கம்பனிக்குப் போய்விட்டது என்றார். இப்போது இன்னொன்று அதற்கு மாறாகப் போனால், முதலில் விசாரிக்காமல் எழுதியது ஏன் என்று கேள்வி வரும். போத்தல்களைத் தூக்கி எறி, அடுத்த அனுப்புதலில் வாடை இருக்காது, தைலம்தான் காரணம் என்று தானாகவே நிரூபணமாகிவிடும். காளியாயிக்கும் வேலை போகவில்லையே, மலையில் இருக்கிறதே. மாறாக, பெரட்டில் போய் இதைப் பேசினால், உன்னைப் பெக்டரிக்குள் வைத்திருக்க என்னால் முடியாது. ஓய்வுக்கு ஒரு வருடம்தானே, யோசித்துக்கொள் என்று அனுப்பிவைத்தார்.

ஒரே நேரத்தில் ஒரு பொய் இவ்வளவு பேருக்குச் சௌகரியமாக அமைவது அபூர்வம். லெட்சுமணன் பாதி வழியில், மழையில், சாக்கோடு நின்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பாமல், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் திரும்பினார்.

காளியாயி வாசலில் கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். மறுநாளைக்கு. டீமேக்கர் ஐயா லயத்து வாசலுக்கு வந்தது அதுவே முதல் தடவை என்பதால் எழுந்து நின்றாள். அவர் சொல்லி முடிக்கும்வரை ஊசியைக் கையில் வைத்திருந்தாள். முடித்ததும் சாக்கைப் பார்த்தாள்.

"பதினேழு வருஷமா எங்க தலைய மோந்து மோந்து பாத்தீங்களே ஐயா. ஒங்கள யாரு மோந்தா?"

அவர் சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டார். தொரையிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். தொரை என்ன சொன்னார் என்பதையும் சொன்னார். அதை மறைத்திருக்கலாம், ஏனோ மறைக்கவில்லை.

"தொரகிட்ட சொன்னா தொரைக்குத்தான் தெரியும்," என்றாள் காளியாயி. "என்ன நிக்க வச்சது பெரட்டுல."

"பெரட்டுல சொன்னா என்னை வெளிய போட்டுருவாங்க, காளியாயி."

"என்னையுந்தான் போட்டாங்க. அப்ப நீங்க வாட்சு திருகிக்கிட்டிருந்தீங்க."

அவள் கூடையைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். வைவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம். உட்கார்ந்து மறுபடியும் கயிற்றைத் தைக்க ஆரம்பித்தாள். அவர் போகலாம் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்குப் பெக்டரி வாசலில் மூடுபனி. விஜிதரன் பெயர்ப் பட்டியலோடு நின்றான். தொரை இன்னும் வரவில்லை. ஜீப் சத்தம் கீழ் வளைவில் கேட்டது. மலைக்குப் போகிறவர்களின் வரிசை தனியே மேலே ரோட்டில் நின்றது. காளியாயி அங்கே, தலைமுண்டும் கூடையுமாக. லெட்சுமணன் ஒருமுறை ரோட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். மறுபடியும் நடந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

ஜீப்புக்காக அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் பேசமாட்டோம் என்று அவருக்குத் தம்மைப் பற்றித் தெரிந்திருந்தது.

"கொஞ்சம் எல்லாரும் கேளுங்க," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "தூள்ல வாடை ஏறினது காளியாயி தைலத்தால இல்ல. பரண்ல நான் பொகையில வச்சிருந்தேன். அதாலதான். அவ மேல ஒரு குத்தமும் இல்ல. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. நான் வாயத் தொறக்கல."

தலைகள் பெக்டரிப் பக்கம் திரும்பின. பிறகு வரிசையின் நடுவிலிருந்து மூக்கன், இவனைத்தான் ஒருமுறை விபூதிக்காகத் திருப்பி அனுப்பினார், ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

"எத்தன வருஷமாங்கய்யா?"

"பதினொன்னு."

ஒரு பெண் சிரித்தாள். அது பரவியது. பதினோரு வருடத்து மல்லிகைப்பூ, பவுடர், புல்லுவெட்டு எல்லாம் அந்தச் சிரிப்பில் இருந்தது. லெட்சுமணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஜீப் வந்து நின்றது. தெஹிகம தொரை இறங்கினார். சிரிப்பைக் கண்டார், லெட்சுமணனைக் கண்டார், புரிந்துகொண்டார். முப்பது பேர் கேட்டுவிட்ட ஒன்றுக்கு மாறாக இனி எந்தக் காகிதமும் நிற்காது என்று கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. விஜிதரனைப் பார்த்து, பெயரைக் கூப்பிடு என்று கையசைத்தார்.

விஜிதரன் பட்டியலைப் பார்த்தான். காளியாயியின் பெயர் மேல் பேனாவால் கோடு கிழித்திருந்தது. கோட்டுக்கு அடியில் இருந்த பெயரை அவன் வாசித்தான்.

காளியாயி கூடையை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள்.

"இருக்கேன்," என்றாள்.

அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். முப்பதும் முடிந்து எல்லோரும் உள்ளே போனார்கள். சலிப்பறைக் கதவில் அன்று மோந்து பார்க்க ஆள் இல்லை. தொரை, மேலே ரோட்டில் நின்ற, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கைக் கூப்பிட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓர் ஆள் வருகிறார் என்று சிங்களத்தில் சொன்னார். பெயர் சொல்லவில்லை. கண்டாக்கு லெட்சுமணனைப் பார்த்தார். லெட்சுமணன் குடையை விரித்துக்கொண்டு மேலே நடக்க ஆரம்பித்தார்.